வாய் திறக்கக் கொடுத்த கிடாரி

செவ்வாய், 19 அக்டோபர் 2010

என் இரு கண்ணான மகன் செலாமிக்கு, உன் கண்கள் இரண்டிலும் முத்தமிட்டு அம்மா எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நானும் உன் அப்பாவும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அந்த ஊர்க் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்கவேண்டும் என்பதுதான் ஐந்து வேளையும் என் துஆ. சர்க்கரை ஆலைக்குப் போகிற பீட்ரூட் பாதி தோண்டியாகிவிட்டது, மீதியும் மழைக்கு முன்னால் வண்டி ஏறிவிட்டால் நிம்மதி. உன் அப்பாவின் முழங்கால் வலி வழக்கம்போல்தான், டிராக்டரில் ஏறும்போது வலிக்காது, தொழுவத்தில் சாணி அள்ளச் சொன்னால் மட்டும் வலிக்கும். நீ அனுப்பிய தைலம் வந்தது, நன்றாகக் கேட்கிறது, ஆனால் அதன் வாசனைக்குப் பூனை வீட்டை விட்டே ஓடிவிட்டது. இதையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை போனிலேயே சொல்லியிருக்கலாம். காகிதம் வாங்கி எழுதுகிற காரணம் வேறு. ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது எல்மாஸ் வீட்டில் இல்லை. நீயும் அவளைக் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அன்று காலையில்தான் உன் மனைவி அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். கோபித்துக்கொண்டு போனாள் என்று நினைக்காதே, எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன், கடைசி வரைக்கும் படி, பாதியில் மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடாதே.

ஆகஸ்டில் நீ என்னிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "நவம்பர் பரீட்சைதாம்மா கடைசி. இதுலயும் கோட்டை விட்டா முடிச்சுக்கலாம். வர இஷ்டமில்லாதவளை எத்தனை வருஷம் இழுக்கறது" என்றாய். கல்யாணமாகி மூன்று வருஷம், ஜெர்மன் பேசத் தெரிந்தால்தான் விசா என்று தூதரகத்தில் சொல்லிவிட்டார்கள், அவளும் இரண்டு முறை அங்காரா போய் எழுதித் தோற்றுவிட்டாள். இரண்டு முறையும் கேட்பதிலும் படிப்பதிலும் எழுதுவதிலும் மோசமில்லை, பேச்சில் மட்டும் இருபத்தைந்துக்கு நாலு. இரண்டாவது முறை மொத்தத்தில் மூன்றே மூன்று மார்க்கில் போயிற்று. இதற்கு நடுவில் உன் சித்தப்பா துர்சுன் வேறு உன் ஊருக்குப் பக்கத்து டூயிஸ்பர்க் போய்ச் சேர்ந்ததும் உன்னிடம் ஓதியிருக்கிறான், "அண்ணன் வீட்டு மருமக பரீட்சைல கல்லு மாதிரி உக்காந்திருந்துச்சுடா, வாயைத் தொறந்தா பல்லு கொட்டிடும்னு பயம் போல" என்று. அதைக் கேட்டுத்தான் உன் மனம் இறுகியது என்று எனக்குத் தெரியும். மகனே, அவள் கல்லாக உட்கார்ந்திருந்தது உண்மை. அவளைக் கல்லாக உட்கார வைத்தது நான்.

நீ பதினைந்து வயதில் அத்தையோடு ஜெர்மனிக்கு, அந்த எஸ்ஸன் ஊருக்குக் கிளம்பிப் போனவன், நம் பக்கத்துப் பழக்கமெல்லாம் பாதி மறந்திருப்பாய். புதிதாக வந்த மருமகள் குரல் காக்க வேண்டும். மாமனார் எதிரிலும் அவருடைய அண்ணன் தம்பிகள் எதிரிலும் அவள் குரல் வெளியே வரக்கூடாது, தலையசைப்பாள், கையால் காட்டுவாள், மாமியாரிடம் மட்டும் காதோடு காதாகச் சொல்லுவாள். மாமனாராகப் பார்த்து ஒருநாள் ஒரு பரிசைக் கொடுத்து, பேசு மகளே என்று சொன்னால்தான் வாய் திறப்பாள். இப்போது ஊரில் இரண்டு மூன்று வீட்டில்தான் இது மிச்சம். நம் வீட்டில் இருந்தது, ஏனென்றால் நான் விடவில்லை. நான் உன் தாத்தாவிடம் பதினோரு வருஷம் குரல் காத்தேன், அவர் பரிசும் கொடுக்கவில்லை, என் குரல் எப்படி இருக்கும் என்று தெரியாமலே மண்ணுக்குள் போனார், அதைக் கிணற்றடியிலும் கல்யாண வீட்டிலும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். எல்மாஸ் வந்தபோது, நான் பட்டதில் கால்வாசியாவது இவளும் படட்டுமே என்று நினைத்தேன். அப்போது அப்படி நினைத்ததாக ஒத்துக்கொள்ள மாட்டேன், நல்ல பழக்கம், வீட்டுக்கு மரியாதை என்றுதான் சொல்லியிருப்பேன். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது நாங்கள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருப்போம், கடைசியில் அவள் கைக்கு வரும், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று ம் என்பாள், ம்ம் என்பாள், வைத்துவிடுவாள். "சுவரோட பேசற மாதிரி இருக்கும்மா" என்று நீ சொன்னாய். நான் என்ன நினைத்தேன் தெரியுமா, பெரியவர்கள் எதிரில் புருஷனோடு கொஞ்சாத பெண், எவ்வளவு அடக்கம் என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. அங்கே நீ குளிரில் நடுங்கியிருக்கிறாய், அது எனக்கு உறைக்கவில்லை.

ஜெர்மன் வகுப்பு டவுனில், கடைத்தெருவில் ரொட்டிக்கடை மாடியில். வாரம் இரண்டு நாள் மினிபஸ்ஸில் போய் வரவேண்டும். சின்ன வயசுப் பெண்ணைத் தனியாக எப்படி அனுப்புவது என்று நான்தான் துர்சுனோடு சேர்த்துவிட்டேன். அவனுக்கும் டூயிஸ்பர்க் விதவையைக் கட்டிக்கொண்டு போக அதே பரீட்சை எழுத வேண்டியிருந்தது, ஐம்பது வயதில் நோட்டும் பென்சிலுமாக அவன் கிளம்பியதைப் பார்த்து ஊரே சிரித்தது. நான் மட்டும், ஒரே கல்லில் இரண்டு மாங்காய், துணைக்கு வீட்டு ஆம்பிளை ஆயிற்று, என்று என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அவன் உன் அப்பாவின் கூடப்பிறந்த தம்பி என்பதும், அவன் எதிரில் அவள் வாய் திறக்கக் கூடாது என்று கல்யாணமான முதல் வாரமே நான்தான் அவள் காதில் ஓதினேன் என்பதும் எனக்கு ஞாபகமே வரவில்லை. ஞாபகம் வந்திருந்தாலும், அது வீட்டுக்குள், இது படிப்பு, இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் கேட்டிருப்பேன். ஆனால் நீயே யோசி, அந்தப் பெண்ணுக்கு அதை யார் சொன்னார்கள்? அங்காராவுக்கும் இரண்டு முறையும் ஒரே தேதியில் இரண்டு பேரையும் அனுப்பினேன். பேச்சுப் பரீட்சை என்றால் தனியாக இல்லையாம், நாலு பேரை ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வைத்து ஒருவரை ஒருவர் கேள்வி கேட்கச் சொல்லுவார்களாம். அவளுக்கு நேர் எதிரில் துர்சுன். அவன் தப்பும் தவறுமாக மாடு ஓட்டுகிற குரலில் கத்திப் பேசி இரண்டாவது முறை தேறிவிட்டான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது அவன் விஷயத்தில் பலித்தது. இவள் தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையாட்டுவதற்கு அங்கே மார்க் இல்லை.

துர்சுன் கிளம்பிப் போன பிறகு துணைக்கு ஆள் இல்லை, செப்டம்பர் கடைசியிலிருந்து நானே கூடப் போக ஆரம்பித்தேன். அவள் மாடியில் வகுப்பில் இருப்பாள், நான் கீழே ரொட்டிக்கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பேன், இல்லையென்றால் துணிமணி, மருந்துக்கடை என்று என் வேலையைப் பார்ப்பேன். மூன்றாவது வாரம் மழை பெய்ததால் மாடிக்கு ஏறி வராந்தாவில் உட்கார்ந்தேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள், எனக்கு என்ன புரியும், ஆனால் கேட்க நன்றாக இருந்தது, கணீர் என்று, நடுவில் சிரித்து, ஏதோ விலை பேசுகிற மாதிரி, விட்டுக்கொடுக்காமல். டீ கொண்டு வந்தவரிடம், "யாரு அண்ணே அந்தப் பொண்ணு, நல்லாப் பேசுதே, எங்க வீட்டுப் பொண்ணுக்கும் இப்படி வாய் இருந்தா எவ்வளவு நல்லா இருக்கும்" என்று கேட்டேன். அவர் கதவிடுக்கில் பார்த்துவிட்டு, "ஏம்மா, நீங்க கூட்டிட்டு வர்ற பொண்ணுதானே அது" என்றார். நானும் எழுந்து போய்ப் பார்த்தேன். எல்மாஸ் நின்றுகொண்டு டீச்சரிடம் ஆப்பிள் விற்றுக்கொண்டிருந்தாள், மேஜை மேல் நிஜ ஆப்பிள் நாலு இருந்தது. மூன்று வருஷம் என் வீட்டில், என் அடுப்படியில் இருந்த பெண் செலாமி. அவள் குரலை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் அந்த வராந்தாவில் திரும்ப வந்து உட்கார்ந்து அழுதேன், டீ ஆறிப் போயிற்று.

வகுப்பு முடிந்து வெளியே வந்தவள் என்னைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டாள். பையை எடுத்துக்கொண்டு தலையைக் குனிந்து நின்றாள், வழக்கம்போல. டீச்சர் பெர்ரின் இஸ்மீர்க்காரி, இருபத்தெட்டு வயசு இருக்கும், நம் பக்கத்துப் பழக்கமெல்லாம் அவளுக்கு எங்கே தெரியப்போகிறது. நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, இந்தப் பொண்ணுக்கு ஜெர்மனி போக ஆசையே இல்ல, வீட்டுல தள்ளி விடறாங்கன்னுதான் நான் இத்தனை நாளா நினைச்சேன். ஆர்வம் இல்லைன்னு என் நோட்டுல எழுதியே வச்சிருக்கேன். பேச வைக்கறதுக்கு என்னென்னமோ பண்ணேன், சொந்தக்காரங்க பக்கத்துல இருந்தா கூச்சம் விட்டுப் போகும்னு நானே அந்தச் சித்தப்பா பக்கத்துல எடம் போட்டுக் கொடுத்தேன்" என்றாள். பாவம், அவள் கண்ணும் கலங்கியது. நான் துணைக்கு அனுப்பினேன், அவள் பக்கத்தில் உட்கார வைத்தாள், துர்சுன் உனக்குக் கதை சொன்னான், நீ நம்பினாய். ஒருத்தரும் அந்தப் பெண்ணுக்குக் கெடுதல் நினைக்கவில்லை, எல்லாருமாகச் சேர்ந்து அவள் வாயில் மண்ணைப் போட்டோம்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சண்டை போட்டேன், பரிசு கொடுத்து அவளைப் பேசச் சொல்லுங்கள், மூன்று வருஷமாக என்ன தூங்கினீர்களா என்று. உன் அப்பா சாதாரணமாக என்னிடம் குரல் உயர்த்துகிற ஆள் இல்லை, அன்றைக்கு உயர்த்தினார். "நானா அந்தப் பொண்ணை ஊமையாக்கினேன்? கல்யாணமான மறுவாரமே சொல்லிடலாம்னேன். 'என்னை உங்கப்பன் எத்தனை வருஷம் வச்சான், இவளுக்கு மட்டும் என்ன அவசரம்'னு கேட்டது யாரு? இப்ப என்கிட்ட வந்து குதிக்கிறியா?" என்றார். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்ததும் கிடாரியைக் கயிற்றோடு முற்றத்துக்குக் கொண்டுவந்தார், நெற்றியில் வெள்ளை விழுந்தது, உனக்குத் தெரியாது, போன வருஷம் பிறந்தது. பெருநாளுக்குப் பிறகு நல்ல விலை வரும் என்று வைத்திருந்ததை மனசாரக் கொடுத்தார் மனுஷன். நான் டீ வைத்தேன், எல்மாஸை உட்காரச் சொன்னேன், அவள் உட்காரவில்லை. "மகளே, இது உனக்கு. இத்தனை நாள் குரல் காத்த, உனக்கும் உன்னைப் பெத்தவங்களுக்கும் பெருமை. இனிமே வாய் திறந்து பேசு தாயி" என்றார் உன் அப்பா. நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், வாய் திறந்துவிட்டாள், பரீட்சை தேறிவிடுவாள், ஜனவரிக் குளிருக்குள் உன்னிடம் சேர்த்துவிடலாம் என்று.

அவள் கிடாரியை ஒரு தரம் பார்த்தாள். பிறகு உன் அப்பா முகத்தை நேராகப் பார்த்து, வராந்தாவில் நான் கேட்ட அதே குரலில் சொன்னாள்: "அப்பா, கிடாரி உங்க தொழுவத்துலயே இருக்கட்டும். என்னை எங்கம்மா வீட்டுக்கு அனுப்பி வச்சிடுங்க." இதற்காகவா வாயைத் திறந்துவிட்டோம் என்று ஒரு நிமிஷம் கோபம்கூட வந்தது, பொய் சொல்லவில்லை. "என்னடி குறை வச்சோம் உனக்கு, அடிச்சோமா, பட்டினி போட்டோமா" என்று கேட்டேன். "ஒரு குறையும் இல்லம்மா" என்றாள். அப்புறம் சொன்னாள், நின்றபடியே, அழாமல். "பேச்சுப் பரீட்சைல பேரு கேப்பாங்க, ஊரு கேப்பாங்க. அதுக்கப்புறம் ஒரு சீட்டு எடுக்கணும். எனக்கு ரெண்டு தடவையும் 'சாப்பாடு'ன்னு வந்துச்சு. பக்கத்துல இருக்கறவங்க, உனக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்னு கேட்டாங்க. சித்தப்பா எதிர்ல இருந்தாரு, நான் பேசல, அது சரி. ஆனா சித்தப்பா ஊருக்குப் போனப்புறம் டீச்சர் என்னைத் தனியா வச்சு அதையே கேட்டாங்க. அப்பவும் வரல. ஜெர்மன் தெரியாம இல்ல, எல்லாச் சாப்பாட்டுக்கும் எனக்கு ஜெர்மன்ல பேரு தெரியும். என்னை யாரும் அதைக் கேட்டதே இல்லைங்கறதாலதான் வரல. இந்த வீட்டுலயும் கேக்கல. அவரும் கேக்கல. போன்ல அவரு என்னைக் கேக்கறது ஒண்ணுதான், எத்தனை மார்க்னு." உன் அப்பா கயிற்றைப் பிடித்தபடி நின்றார். அவள் மேலும் சொன்னாள், "பரீட்சைக்குப் போவேன், எங்கண்ணன் கூட்டிட்டுப் போவான். பாஸும் பண்ணுவேன், எனக்கு அது வரும். அதுக்கப்புறம் எஸ்ஸனுக்குப் போறேனா இல்லையான்னு நானே சொல்றேன். அதை நீங்க யாரும் எனக்காகச் சொல்லிடாதீங்க." அவ்வளவுதான். உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினாள்.

செலாமி, நீ இதைப் படித்துவிட்டு, பார்த்தாயா, நான் சொன்னேனே, அவளுக்கு இஷ்டமில்லை என்று எழுந்து நிற்காதே, உட்கார். இஷ்டமில்லாதவள் இரண்டு வருஷம் அந்த மினிபஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டே போய் வருவாளா? மாவு பிசையும்போது ஜெர்மன் வார்த்தை எழுதிய சீட்டை அலமாரியில் ஒட்டி வைத்துப் படிப்பாளா? இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதை உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. போன வருஷம் கோடையில் நீ போகும்போது அவளுக்கென்று ஒரு கைபேசி வாங்கி என் கையில் கொடுத்தாயே, "பழக்கிக் கொடும்மா, தனியாப் பேசறோம்" என்று. நான் கொடுக்கவில்லை. மருமகளுக்கு எதற்குக் கைபேசி, ஊர் என்ன பேசும் என்று என் துணிப்பெட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவளுக்கு அப்படி ஒன்று வந்ததே தெரியாது. நீயோ, வாங்கிக் கொடுத்தும் ஒரு தடவைகூடக் கூப்பிடவில்லை, கூப்பிட்டாலும் எடுக்கவில்லை என்று ஒரு வருஷம் நெஞ்சில் வைத்திருந்தாய். அந்தப் பாவம் என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை காலை அதை எடுத்து அவள் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் ஆறியிருக்கும். "சார்ஜர் இருக்காம்மா" என்று மட்டும் கேட்டாள். இருந்தது, கொடுத்தேன்.

உன் அப்பா டிராக்டரை எடுத்துக்கொண்டு பஸ் நிற்கிற இடம் வரைக்கும் வந்தார். கிளம்புவதற்கு முன்னால் நான் அவளுக்கு ஒரு மூட்டை கட்டினேன், பிறந்த வீட்டுக்குப் போகிற பெண்ணை வெறுங்கையோடு அனுப்பக்கூடாதே. சுட்ட ரொட்டி வைத்தேன், அது உன் அப்பாவுக்குப் பிடித்தது. வால்நட் வைத்து உருட்டிய திராட்சைப் பாகு வைத்தேன், அது உனக்குப் பிடித்தது. அப்புறம் அவளுக்குப் பிடித்ததாக ஒன்று வைக்கலாம் என்று அலமாரியைத் திறந்தவள் திறந்தபடி நின்றேன். எனக்குத் தெரியவில்லை மகனே. மூன்று வருஷம் நாங்கள் சாப்பிட்டு எழுந்த பிறகு மிச்சத்தைச் சாப்பிட்டவள் அவள், தட்டில் எதை ஆசையாக எடுத்தாள், எதை ஒதுக்கினாள் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பஸ் நிறுத்தத்தில் கேட்டிருக்கலாம், இப்போதுதான் அவளுக்கு வாய் இருக்கிறதே. ஆனால் மூன்று வருஷம் கேட்காததைப் பஸ் ஏறுகிற நேரத்தில் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. அவள் என் கையை முத்தமிட்டு நெற்றியில் வைத்துக்கொண்டு, வரேம்மா என்று சொல்லிவிட்டு ஏறிப் போனாள். வரேன் என்றுதான் சொன்னாள், அதையே பிடித்துக்கொண்டு இரண்டு நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

நீ போன் செய், வேலை முடிந்து அறையில் தனியாக இருக்கும்போது செய். பரீட்சை நவம்பர் இருபத்தைந்தாம் தேதி, அதைப் பற்றிப் பேசாதே, மார்க்கைப் பற்றி வாயே திறக்காதே. முதலில் கொஞ்ச நேரம் அவள் பேசாமல் இருக்கலாம், வைத்துவிடாதே, காத்திரு, இங்கே நாங்கள் யாரும் பக்கத்தில் இல்லை. அவள் உன்னிடம் வருகிறேன் என்றால் என் இரண்டு கையாலும் வழியனுப்புவேன், வரவில்லை என்றால் அதையும் அவள் வாயாலேயே கேட்டுக்கொள், துர்சுன் வாயால் கேட்காதே. அல்லாஹ் உன்னைக் காப்பாற்றுவான், உன் வேலையிலும் உன் வீட்டிலும் பரக்கத் கொடுப்பான், உன் காலில் முள் தைக்காமல் இருக்கட்டும். உன் அப்பா சலாம் சொல்லச் சொன்னார், கிடாரியை விற்கமாட்டாராம், அது அவளுடையது, எப்போது வந்து கேட்டாலும் கொடுப்பேன் என்கிறார். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி இதோடு வைத்திருக்கிறேன், போட்டுக்கொள், அழகுக்குப் பெட்டியில் வைக்காதே.

கைபேசி எண் உன்னிடமே இருக்கிறது, நீ வாங்கிக் கொடுத்ததுதான். என்ன சாப்பிடப் பிடிக்கும் என்று அவளைக் கேள். அவள் சொன்னதும் எனக்கு எழுது. அவள் இந்த வீட்டுக்கு இனி வராவிட்டாலும் எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
குல்சும்